'லோ பிரஷர்தானே, ஒரு காபி குடி!' - இந்தப் பேச்சு எப்போது சரி, எப்போது ஆபத்து?

மதுரை செல்லூரில் ஒரு தறி வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். காலைக் குழிக்குள் விட்டு, காலையிலிருந்து நெய்துகொண்டிருந்தவர், மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து நிற்கிறார். கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. சுவரைப் பிடித்துக்கொள்கிறார்.

"என்னத்தா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"ஒண்ணுமில்ல, லோ பிரஷர். ஒரு காபித்தண்ணி குடிச்சா சரியாப்போயிரும்."

இந்தப் பேச்சு நடக்காத வீடு செல்லூரில் மட்டுமல்ல, தமிழ்நாட்டிலேயே குறைவு. ஹை பிரஷர் என்றால் பயந்து மாத்திரை வாங்குகிறோம். லோ பிரஷர் என்றால் எலுமிச்சை ஜூஸில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பல நேரம் அது போதும். சில நேரம் அந்த ஒரு டம்ளர் காபி, உள்ளே நடந்துகொண்டிருக்கும் ரத்தக் கசிவையோ, இதயக் கோளாறையோ ஒரு நாள் தள்ளிப்போட்டுவிடும். அந்த ஒரு நாள்தான் உயிருக்கும் ஆபத்துக்கும் இடையில் நிற்கும்.

எது சாதாரணம், எது ஆபத்து? வீட்டில் இருப்பவர்களே எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எவ்வளவு இருந்தால் 'லோ'?

ரத்த அழுத்தத்துக்கு இரண்டு எண்கள். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது ரத்தக் குழாயில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது இருப்பது கீழ் எண். 1905-ல் ரஷ்ய அறுவை சிகிச்சை மருத்துவர் கொரோட்காஃப், கையில் கட்டிய பட்டையின் காற்றை இறக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சத்தத்தை வைத்து இந்த இரண்டு எண்களையும் கண்டுபிடிக்கும் முறையைச் சொன்னார். இன்றும் டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துக் கேட்பது அந்தச் சத்தத்தைத்தான்.

120/80 என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பொதுவாக 90/60-க்குக் கீழே போனால் 'குறைந்த ரத்த அழுத்தம்' என்கிறார்கள்.

ஆனால், எண் மட்டுமே நோய் ஆகாது. கபடி வீரர்களுக்குச் சிலை வைத்த ஊர் செல்லூர். தினமும் மைதானத்தில் ஓடியாடும் ஓர் இளைஞருக்கோ, ஒல்லியான உடல்வாகு கொண்ட பெண்ணுக்கோ 90/60 இருக்கலாம். தலைச்சுற்றல் இல்லை, சோர்வு இல்லை, வேலை பாட்டுக்கு நடக்கிறது என்றால் அவர்களுக்கு அதுதான் இயல்பு. சிகிச்சை எதுவும் தேவையில்லை.

மாறாக, எப்போதும் 150 இருக்கும் ஒரு பெரியவருக்குத் திடீரென 105 ஆகிவிட்டால்? எண் 'நார்மல்'தான். ஆனால் அவருடைய மூளையும் சிறுநீரகமும் அந்த 150-க்குப் பழகியவை. அவருக்கு அது பெரிய இறக்கம். அதனால் 'எவ்வளவு இருக்கிறது' என்பதோடு, 'எவ்வளவு இருந்தது, எவ்வளவு வேகத்தில் இறங்கியது, கூடவே என்ன தொந்தரவு இருக்கிறது' என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எழுந்து நின்றால் ஏன் கண் இருட்டுகிறது?

நாம் எழுந்து நிற்கும்போது, அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் புவியீர்ப்பால் காலுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. அப்போது இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும். கழுத்து ரத்தக் குழாயிலும் இதயத்தின் பெருங்குழாயிலும் இருக்கும் உணர்விகள் இதை உடனே கண்டுபிடித்து மூளைக்குச் சொல்கின்றன. மூளை, இதயத் துடிப்பைக் கூட்டி, கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நொடிகளில் நிலைமையைச் சரிசெய்கிறது.

உடலில் தண்ணீர் குறைந்திருந்தாலோ, நரம்பு பலவீனமாக இருந்தாலோ, சில மாத்திரைகள் குறுக்கே நின்றாலோ இந்த வேலை தாமதமாகும். அந்த இடைவெளியில் மூளைக்கு ரத்தம் போதாமல் கண் இருட்டும், கிறுகிறுவென்று வரும், சிலர் விழுந்தும் விடுவார்கள்.

எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் எண் 20-ம், அல்லது கீழ் எண் 10-ம் அதற்கு மேலும் இறங்கினால், அதை 'நிலை மாறும்போது ஏற்படும் ரத்த அழுத்தக் குறைவு' என்கிறது மருத்துவம். 65 வயதைத் தாண்டியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கிறது. சர்க்கரை நோய் நாள்பட்டு நரம்புகளைப் பாதித்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், வைட்டமின் பி12 குறைந்தவர்கள் இதில் அதிகம்.

உட்கார வைத்து மட்டும் பி.பி. பார்த்தால் இது பிடிபடாது. "பி.பி. நார்மலாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பெரியவர் அன்று ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் விழுவார். இடுப்பு எலும்பு முறியும். அதன் பிறகு படுக்கைதான். லோ பிரஷரில் வயதானவர்களுக்கு நேரும் பெரிய நஷ்டம் பெரும்பாலும் இந்த விழுதலால் வருவதுதான்.

பந்தியில் எழுந்ததும் தள்ளாடும் தாத்தா

கல்யாண வீட்டுப் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழும் பெரியவர் தள்ளாடுவதைப் பார்த்திருப்பீர்கள். 'வெயில்' என்போம், 'பித்தம்' என்போம். சாப்பிட்டதும் செரிமானத்துக்காக வயிற்றுப் பகுதிக்கு அதிக ரத்தம் போகிறது. இளையவர்களின் உடல் அதை ஈடுகட்டிவிடும். முதியவர்களுக்கு, சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் அழுத்தம் இறங்கக்கூடும். சோறு, இனிப்பு என மாவுச்சத்து அதிகம் இருந்தால் இறக்கமும் அதிகம்.

இதற்குத் தீர்வு எளிது. மூன்று வேளையை ஐந்து வேளையாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுங்கள். சாப்பிட்டதும் உடனே எழுந்து நடக்க விடாமல் சற்று உட்கார வையுங்கள்.

இன்னொன்று, ராத்திரி சிறுநீர் கழிக்கும்போது வரும் மயக்கம். தூக்கத்திலிருந்து எழுந்து நின்றபடியே சிறுநீர் கழிக்கும் ஆண்களுக்கு இது வரும். வீட்டுப் பெரியவரை உட்கார்ந்து போகச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

வைகைக் கரைக் கூட்டமும் மெரினா வெயிலும்

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளைச் செல்லூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முந்தைய நாள் எதிர்சேவையிலிருந்தே தூக்கம் கிடையாது. விடிகாலையிலிருந்து ஆற்றங்கரையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். சாப்பாடு சரியாக இருக்காது, 'பாத்ரூம் போக இடமில்லையே' என்று தண்ணீரையும் குறைத்திருப்பார்கள். வெயில் ஏறியதும் ஒவ்வொருவராக மயங்கிச் சாய்வார்கள்.

அசையாமல் நின்றால் கால் தசைகள் வேலை செய்யாது. ரத்தம் காலிலேயே தங்கிவிடும். வெயிலுக்குத் தோல் ரத்தக் குழாய்கள் விரியும், வியர்வையில் நீரும் உப்பும் போய்விடும். மூன்றும் சேர்ந்தால் அழுத்தம் இறங்காமல் என்ன செய்யும்? கூடவே பயம், வலி, ரத்தத்தைப் பார்ப்பது போன்றவற்றால் இதயத் துடிப்பும் சட்டென்று குறைந்தால் மயக்கம் நிச்சயம். இந்த வகை மயக்கத்துக்கு 1932-ல் 'வேசோவேகல்' என்று பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ். ஊசி போடும்போது மயங்குவதும், பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் குழந்தைகள் சுருண்டு விழுவதும் பெரும்பாலும் இதுதான்.

எல்லா மயக்கமும் லேசானதல்ல என்பதற்கு 2024 அக்டோபர் 6 ஓர் எச்சரிக்கை. சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சியைப் பார்க்க லட்சக்கணக்கானோர் திரண்ட அன்று, வெயிலிலும் நீரிழப்பிலும் பலர் மயங்கி விழுந்தார்கள். 5 பேர் இறந்துபோனார்கள்.

அழகர் தரிசனத்துக்குப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டியவை இவை:

* கிளம்புவதற்கு முன்பே 2 டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.
* வழியில் கொடுக்கும் நீர்மோரையும் பானகத்தையும் வாங்கிக் குடியுங்கள். மோரில் உப்பு இருப்பது வியர்ப்பவர்களுக்கு நல்லது. சர்க்கரை நோயாளிகள் பானகத்தைத் தவிர்த்து மோரை எடுக்கலாம்.
* நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும்.
* கண் மங்குகிறது, காது அடைக்கிறது, குமட்டுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது என்றால் அது மயக்கத்தின் முன்னறிவிப்பு. கௌரவம் பார்க்காமல் அங்கேயே உட்காருங்கள்.

மயங்கியவருக்கு நாம் செய்யும் தவறுகள்

ஒருவர் விழுந்ததும் நான்கு பேர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் தூக்கி உட்கார வைப்பார். இன்னொருவர் வாயில் சோடாவை ஊற்றுவார். மூன்றாமவர் கையில் சாவியைத் திணிப்பார். மூன்றும் தவறு.

உட்கார வைத்தால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குப் போகலாம். சாவியால் எந்தப் பயனும் இல்லை.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். கால்களை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். நிறைமாதக் கர்ப்பிணி என்றால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்குங்கள். சாதாரண மயக்கம் என்றால் ஓரிரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பிவிடும். அதன் பிறகும் சற்று நேரம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகுதான் எழ வேண்டும். நன்றாகத் தெளிந்த பிறகு தண்ணீர் கொடுக்கலாம்.

நினைவு திரும்பவில்லை என்றால் உடனே 108. மூச்சு இல்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் இரு கைகளாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

காபியை நம்பி இருக்கக் கூடாத நேரங்கள்

லோ பிரஷர் தனியாக வரும் நோயாக இருப்பது குறைவு. பெரும்பாலும் வேறொன்று கொடுக்கும் தகவல் அது. கீழே உள்ள எதுவும் கூடவே இருந்தால் காபி, ஜூஸ் எல்லாம் பிறகு. முதலில் மருத்துவமனை.

*நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், படபடப்பு:* மாரடைப்பாகவோ இதயத் துடிப்புக் கோளாறாகவோ இருக்கலாம். ஓடும்போதோ வேலை செய்யும்போதோ மயங்குவதும், படுத்திருக்கும்போதே மயங்குவதும் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டிய மயக்கங்கள். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

*தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி:* வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த அபாயம் அதிகம்.

*மாதவிலக்கு தள்ளிப்போய், அடிவயிற்று வலியுடன் மயக்கம்:* கரு, குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

*காய்ச்சல், நடுக்கம், குழப்பமான பேச்சு:* கிருமித் தொற்று ரத்தத்தில் பரவியிருக்கலாம்.

*பூச்சிக்கடி, ஊசி, புது மருந்து, உணவு ஒவ்வாமைக்குப் பிறகு:* உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு இறைத்து, அழுத்தம் இறங்கினால் அது ஒவ்வாமை அதிர்ச்சி.

*டெங்கு:* இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. 3 முதல் 7 நாளில் காய்ச்சல் இறங்கும். "அப்பாடா, விட்டிருச்சு" என்று நிம்மதி ஆவார்கள். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து அழுத்தம் விழும் கட்டம் அதே நேரத்தில்தான் தொடங்கும். மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 20-ம் அதற்குக் கீழும் சுருங்குவது அதன் ஆரம்ப அடையாளம். உதாரணமாக, 100/85 என்பது பார்க்க நல்ல எண் போலத் தெரியும். டெங்கு நோயாளிக்கு அது அபாய மணி. காய்ச்சல் விட்ட பிறகு கை கால் சில்லிடுவது, விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை மந்தமாகிவிடுவது எல்லாம் உடனே அழைத்துப் போக வேண்டிய அறிகுறிகள்.

செல்லூரில் இருப்பவர்களுக்கு ஆற்றை ஒட்டிய கோரிப்பாளையம் பக்கமே அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. தூரம் பிரச்னை இல்லை. 'காபி குடித்துப் பார்ப்போம்' என்று வீட்டிலேயே போக்கும் நேரம்தான் பிரச்னை.

மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள்

சிறுநீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, பி.பி. மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், சில மனச்சோர்வு மாத்திரைகள், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா என அழுத்தத்தை இறக்கும் மருந்துகள் பல. இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாகப் போகும் பெரியவருக்கு, ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாமலே போய்விடும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு, அடுத்த முறை டாக்டர் முன்னால் கொட்டிக் காட்டுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபிலும் ஒரே உடம்பில் சேரவே கூடாது. அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இறங்கிவிடும்.

அதற்காக, ஒரு நாள் தலை சுற்றியதும் 'எனக்கு இப்போ லோ பிரஷர்' என்று பி.பி. மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அழுத்தம் எகிறி பக்கவாதம் வரக்கூடும். அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மேல் எண் 90-க்குக் கீழே இருந்து மயக்கமும் இருந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்பு டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே சரியாகப் பார்ப்பது எப்படி?

பி.பி. பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடங்கள் பேசாமல் உட்காருங்கள். கை, இதயத்தின் உயரத்தில் மேஜை மேல் இருக்கட்டும். பட்டை, சட்டைக்கு மேல் அல்ல, வெறும் கையில் சுற்ற வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

எழும்போது தலை சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. 5 நிமிடங்கள் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற 1-வது நிமிடம் ஒரு முறை, 3-வது நிமிடம் ஒரு முறை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மூன்று எண்களையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

மெஷின் இல்லையா? 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பி.பி. பார்க்கிறார்கள். அடுத்த முறை வரும்போது, "எங்க அப்பத்தாவுக்கு நிக்க வச்சும் ஒரு தடவை பாருங்களேன்" என்று கேளுங்கள்.

அன்றாடம் என்ன செய்யலாம்?

* எழும்போது மூன்று படி. படுக்கையில் காலை அசைத்து, உட்கார்ந்து ஒரு நிமிடம் இருந்து, பிறகு எழுந்து நின்று, தலை தெளிவாக இருந்தால் நடக்கத் தொடங்குங்கள்.
* தலை சுற்றும்போது காலைப் பின்னிக்கொண்டு தொடைகளை இறுக்குங்கள். முஷ்டியை மூடி அழுத்துங்கள். முடிந்தால் குத்தவைத்து உட்காருங்கள். அழுத்தம் உடனே கொஞ்சம் ஏறும்.
* காலையில் எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பது பலருக்கு உதவும். இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.
* வயிற்றுப்போக்கு, வாந்தி இருந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்துக் குடியுங்கள். பாதிப் பொடி, கால் டம்ளர் தண்ணீர் என்ற கைக்கணக்கு வேண்டாம்.
* வெந்நீர்க் குளியலை நீட்டாதீர்கள். மது, அழுத்தத்தை இறக்கும்.
* அடிக்கடி மயங்குகிறவர்கள், காரணம் தெரியும்வரை வண்டி ஓட்டவோ ஏணியில் ஏறவோ வேண்டாம்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

*உப்பை அதிகம் சேர்க்கலாமா?*
டாக்டர் சொன்னால் மட்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு என நாம் ஏற்கெனவே அதைத் தாண்டித்தான் சாப்பிடுகிறோம்.

*ரத்தசோகையும் லோ பிரஷரும் ஒன்றா?*
இல்லை. தலைச்சுற்றலும் சோர்வும் இரண்டிலும் வரும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. 'லோ பிரஷர்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல பெண்களுக்குத் தேவை காபி அல்ல, ஹீமோகுளோபின் பரிசோதனை.

*'லோ சுகர்' என்பதும் இதுதானா?*
அதுவும் வேறு. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு வியர்த்து, நடுங்கி, பசித்து, மயக்கம் வந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், நினைவு இருக்கும்போதே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மெஷின் இல்லாவிட்டாலும் சந்தேகத்தின் பேரில் கொடுத்துவிடலாம்.

*கர்ப்பிணிக்கு பி.பி. குறைகிறதே, பயப்பட வேண்டுமா?*
முதல் ஆறு மாதங்களில் சற்றுக் குறைவது இயல்பு. ரத்தப்போக்கு, வயிற்றுவலி, மயக்கம் சேர்ந்தால் இயல்பு அல்ல.

*காபி குடிக்கவே கூடாதா?*
குடிக்கலாம். கொஞ்ச நேரம் அழுத்தத்தை ஏற்றும், அவ்வளவுதான். காரணத்தை அது சரிசெய்யாது.

மறுபடி அந்தத் தறி வீட்டுக்கே வருவோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை முதலில் படுக்க வையுங்கள். காபி டம்ளரைக் கொடுப்பதற்கு முன்னால் நான்கு கேள்விகள் போதும். "காலையிலேருந்து தண்ணி குடிச்சியா? புதுசா ஏதாச்சும் மாத்திரை போட்டியா? எங்கயாச்சும் ரத்தம் போச்சா? நெஞ்சு, வயிறு எங்கயாச்சும் வலிக்குதா?" தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்றால் மோர் போதும். கடைசி இரண்டில் எதற்காவது 'ஆமா' என்று பதில் வந்தால், ஆட்டோவுக்கு அலையாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.